ஒரு விரல் அம்மாவுக்கு

நெயில் பாலிஷைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் போன வாரம் இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "இதுல எது நல்லாருக்கு, சொல்லுங்கக்கா" என்றாள். இரண்டும் ரோஸ். ஒன்று பேர்ல், ஒன்று பிளைன். "யார் நகத்துக்குன்னு சொல்லாம, எது நல்லாருக்குன்னா நான் என்னத்தச் சொல்றது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய் எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் இருந்த ஃபேன்சி ஸ்டோர்களில் நான் திறந்து பார்க்காத பாட்டில் கிடையாது. எல்லாம் என் அக்காவின் நகத்துக்காக.

என் அக்காவின் நகம் நீலம். பாலிஷ் போட்டு வந்த நீலம் இல்லை, அதன் நிறமே அதுதான். பிறக்கும்போதே அவளுக்கு இதயத்தில் ஓட்டை. சின்ன வயதிலேயே அடைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியவந்தபோது அவள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டிருந்தாள். அதற்குள் நுரையீரலும் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் அடைத்தால்தான் ஆபத்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். விரல் நுனியெல்லாம் தடித்து, நகம் உப்பி, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கும். உதடும் அப்படித்தான். யாராவது கேட்டால் அவளே முந்திக்கொண்டு, "குளிருது" என்பாள். மே மாதத்து மெட்ராஸில்!

நாங்கள் அஸ்தினாபுரத்தில் இருந்தோம். அம்மா குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நான் பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்து தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். மாடிப்படி ஏற முடியாததால் பி.ஏ.வைத் தபாலில் படித்து முடித்தாள். மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். புதிதாக வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் முதல் நாள் அவள் கையைப் பார்த்துவிட்டு, "மிஸ், இங்க் கொட்டிடுச்சா?" என்று கேட்கும். "ஆமா, கொட்டிடுச்சு. நீ வாய்ப்பாடு சொல்லு" என்பாள். அந்தக் கேள்வி கேட்காத பிள்ளையை அவளுக்குப் பிடிக்காது. பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைதான் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் என்பாள்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் சமையலறை வாசலில், பின்பக்கத்து வெளிச்சத்தில் அக்காவை நிறுத்தி, கையைப் பிடித்து நகத்தைப் பார்ப்பாள். மற்ற வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி எங்கள் வீட்டில் இது. நீலம் கொஞ்சம் தெளிந்திருந்தால், "நல்லாத்தான் இருக்கு" என்று கையை விட்டுவிடுவாள். கறுத்திருந்தால் அன்றைக்கு அக்கா துணி துவைக்கக் கூடாது, டியூஷன் கிடையாது, கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. ஐஸ் என்ற வார்த்தையே அந்த வீட்டில் பேசக்கூடாது. அந்த ஒரு பார்வையில்தான் அக்காவின் பகல் முழுவதும் தீர்மானமாகும்.

அப்படிப்பட்ட வீட்டில் அக்கா முதன்முதலாக நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது நடந்த சண்டையை என்னால் மறக்க முடியாது. மெரூன் கலர், பத்து விரலுக்கும். "இது என்னடி கூத்து? நான் எதைப் பார்க்கிறது?" என்று அம்மா கத்தினாள். "யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான் போட்டேன்" என்றாள் அக்கா. அம்மா ரிமூவரை எடுத்தாள். அந்த வாடை பட்டதும் அக்காவுக்கு மூச்சு இரைத்தது. அம்மா பாட்டிலைப் போட்டுவிட்டு விசிறியைத் தேடி ஓடினாள். கடைசியில் அப்பாதான் பஞ்சாயத்து பண்ணினார். ஒன்பது விரல் அவளுக்கு, ஒரு விரல் அம்மாவுக்கு. இடது கைச் சுண்டுவிரல் எப்போதும் வெறும் நகமாக இருக்க வேண்டும். அம்மா அதைப் பார்த்துக்கொள்ளட்டும். அக்கா ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தாள், அப்புறம் ஒத்துக்கொண்டாள். ஆனால் அந்த விரலைப் பற்றி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போது ஒரு மூச்சு சண்டை நடக்கும். "இன்னைக்கு மட்டும்மா, ப்ளீஸ்." "முடியாது. அது என்னோடது." இதுதான் எங்கள் வீட்டுக் காலை ஜெபம்.

இந்த நிலைமையில்தான் பெரியம்மா பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. அவளும் அக்காவும் ஒரே வயது. மேற்குத் தாம்பரத்தில் பெரியம்மா வீட்டில் சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். நிச்சயம் ஆன அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள், "எனக்குத் தோழியா இவதான் நிக்கணும். இல்லன்னா நான் பீடத்துக்கே போகமாட்டேன்." மணப்பெண்ணுக்குப் பின்னால் மூன்று தோழிகள், ஒரே நிறப் புடவை, கையில் பூங்கொத்து. அக்கா அன்று இரவு சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம். தனக்குக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது என்று அவளுக்குத் தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை, ஆனால் தெரியும். ஒரு நாளாவது பீடத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, எல்லாரையும் மாதிரி நிற்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பெரியம்மா மறுநாளே வந்தாள். வந்து, காபியைக் குடித்துவிட்டு, அக்கா உள்ளே போன நேரம் பார்த்து அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினாள். "நிக்கட்டும், நான் வேணாங்கல. உதட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கலாம். கையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லு. பூவைப் பிடிச்சுட்டு நிக்கறதுல கைதான் முன்னால தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க குடும்பத்துல ஏதோ சீக்குன்னு நெனச்சுட்டா? நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." அப்புறம் அவளே ஒரு யோசனையும் சொன்னாள். மூன்று தோழிகளுக்கும் வெள்ளைக் கையுறை போட்டுவிட்டால் என்ன?

அக்கா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து, "கையுறை போட்டுட்டு நின்னா டிராஃபிக் கான்ஸ்டபிள் மாதிரி இருக்கும் பெரியம்மா. மாப்பிள்ளை காரை நிறுத்திட்டு லைசென்ஸை எடுத்து நீட்டிடப் போறாரு" என்றாள். பெரியம்மாவே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்தக் காபி டம்ளரைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும் போலிருந்தது. பெரியம்மா கெட்டவள் இல்லை, அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

அவள் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு, "எந்த பாலிஷ் போட்டா அடியோட தெரியாம இருக்கும்? அதைக் கண்டுபிடிக்கிறோம்" என்றாள். புடவை வெளிர் ரோஸ் நிறம். அதற்கேற்ற மாதிரி மூன்று பேருக்கும் வெளிர் ரோஸ் பேர்ல் பாலிஷ் என்று மணப்பெண் முடிவு பண்ணிவிட்டாள். மெரூன், சிவப்பு என்று அடர்த்தியாக எதையாவது போட்டு மூடிவிடலாம் என்றால் அந்த வழியும் போயிற்று.

வெளிர் ரோஸ் பேர்ல் எங்கள் எதிரி. என் நகத்தில் போட்டால் ரோஜா இதழ். அதையே அக்காவின் நகத்தில் போட்டால் வாடின கத்தரிப்பூ. இரண்டு கோட்டு, மூன்று கோட்டு, எத்தனை போட்டாலும் அடியிலிருந்து நீலம் மேலே வந்து நிற்கும். பேர்லில் ஒரு பளபளப்பு இருக்கிறதே, அது வெளிச்சத்தை உள்ளே விட்டு, உள்ளே இருப்பதை வெளியே காட்டும். டிரான்ஸ்பரன்ட் இன்னும் மோசம், நீலத்துக்குக் கண்ணாடி போட்டுக் காட்டும். கிளிட்டரில் மினுக்குப் பொடிகளுக்கு நடுவே நீலம் எட்டிப் பார்க்கும். பிளைன் மட்டும்தான் மூடும். அதுவும் தடித்துப் போட்டால் காய்வதற்குள் குமிழ் குமிழாக எழும்பி அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். சீக்கிரம் காய வேண்டுமானால் எல்லாரும் விரலைக் குளிர்ந்த தண்ணீரில் முக்குவார்கள். அக்கா முக்கினால் நகம் இன்னும் கறுக்கும். "எரியற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி, சொல்லுடி" என்று பத்து விரலில் ஒன்பதையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவாள். ஒன்பது விரலில் ஒன்பது விதம் போட்டிருப்போம். சில சமயம் அழுகை வரும், சில சமயம் சிரிப்பு வரும்.

அவளால் கடை கடையாக ஏறி இறங்க முடியாது. கடையில் என் நகத்தில் போட்டுப் பார்த்து வாங்கிவந்தால் வீட்டில் அவள் நகத்தில் வேறாக இருக்கும். அதற்கு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். டியூஷன் நோட்டுத் திருத்த வைத்திருந்த சிவப்பு இங்க்கில் இரண்டு சொட்டை நீல இங்க்கில் கலந்து, தன் நகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்து, அந்தக் கலவையை என் நகங்களில் பஞ்சால் ஒற்றி ஃபேனுக்கு அடியில் காயவைத்தாள். "இப்ப உனக்கும் வந்துடுச்சு. போ, போய்ப் போட்டுப் பார்த்துட்டு வா" என்றாள்.

அப்படி நீல நகத்தோடு ரயிலில் போய் தாம்பரத்தில் இறங்கி, மார்க்கெட்டில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கையை நீட்டினேன். கடைக்காரப் பெண் என் விரலைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா பாப்பா, நகம் இப்டி கீது? நீ இங்க வந்து பாலிஷ் கேட்டுகினு கீறியே, மொதல்ல ஆஸ்பத்திரில போய்க் காட்டு!" என்று பதறினாள். "இல்லக்கா, இது இங்க்" என்றேன். "இங்க்கா? நெஞ்சே நின்னுடுச்சும்மா எனக்கு. பேஜார் புடிச்ச பொண்ணா கீறியே! எதுக்கு நகத்துல இங்க் பூசிகினு வர்ற?" என்று திட்டினாள். அக்காவைப் பற்றிச் சொன்னேன். என்ன தோன்றியதோ, எதிரே நின்ற கூட்டத்தையும் பார்க்காமல் எல்லா நெயில் பாலிஷையும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். "எத்த வேணா தொறந்து பாரு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கேதான் அந்தச் சந்தன நிற பிளைன் கிடைத்தது. தனியாகப் போட்டால் நோயாளி மாதிரி இருக்கும், யாரும் வாங்காத கலர். அதை அடியில் மெல்லியதாக ஒரு கோட்டு போட்டு நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ரோஸ் பேர்ல் போட்டால் என் நகத்தில் இருந்த இங்க் காணாமலே போயிற்று. ரயிலில் திரும்பி வரும்போது கையை ஜன்னலோரம் நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பைத்தியம் என்று எதிர் சீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போட்டேன். அப்படியே ரோஜா! அவள் எழுந்து போய் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, பூங்கொத்தைப் பிடிக்கிற மாதிரி கையைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். நானும் கையைத் தட்டினேன். ஆனால் நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. இங்க் நகத்துக்கு மேலே இருக்கிறது, ஒரே நிறமாக இருக்கிறது. அவளுடைய நீலம் நகத்துக்கு அடியில் இருக்கிறது, அவள் நடக்க நடக்க ஏறுகிறது. டியூஷன் பிள்ளைகளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து பார்த்தாள். ரோஜாவின் ஓரமெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. கோயிலில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடக்க வேண்டுமே, அப்புறம் நிற்க வேண்டுமே.

"அடியில ரெண்டு கோட்டு போடு. நான் நடந்து பார்த்துட்டு வர்றேன்" என்றாள். அதிலிருந்து தினமும் இதே வேலை. சந்தனம் இரண்டு கோட்டு, மேலே பேர்ல். சமையலறையிலிருந்து கேட் வரைக்கும் நடப்பாள், திரும்புவாள், மூச்சு இரைக்க நின்று விரலைப் பார்ப்பாள். சாம்பல் தெரிந்தால் அழித்துவிட்டு, அடிக்கோட்டை இன்னும் கொஞ்சம் மாற்றிப் போடுவோம். ரிமூவர் வாடைக்காக அவள் புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே நின்று துடைப்பேன். ஒரு நாள் அம்மா சீக்கிரம் வந்துவிட்டாள். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். "எதுக்குடி இப்படி நடந்து சாகற?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பையைத் தரையில் போட்டுவிட்டு அக்காவைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனாள். மறுநாள் காலையில் சுண்டுவிரலை வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று அன்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழக்கமான செக்கப் என்று அப்பா சொன்னார். எக்கோ எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நானும் அக்காவும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கால் நகத்தில் இருப்பது பேர்லா ஃபிராஸ்ட்டா என்று குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வெளியே வந்த அம்மா முகம் கழுவியிருந்தாள். "மாத்திரையை மாத்தியிருக்காங்க" என்றார் அப்பா. வருகிற வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி, ஜூஸ் கடையில் நான்கு சாத்துக்குடி சொன்னார். கடைக்காரர் ஐஸ் போடலாமா என்று கேட்டார். அப்பா வழக்கம்போல, "ஒண்ணுல மட்டும் ஐஸ் வேணாம்" என்று ஆரம்பித்தார். அம்மா இடையில் புகுந்து, "எல்லாத்துலயும் போடட்டும். அவளும் ஐஸ் போட்டே குடிக்கட்டும்" என்றாள். அக்கா நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கடக் கடக் என்று கடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள்.

கல்யாணத்தன்று காலை. சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு அக்காவை உட்காரவைத்து, சந்தன நிறத்தை ஒன்பது விரலுக்கும் போட்டுக் காயவிட்டு, பேர்லையும் போட்டு முடித்தேன். கடைசி வரை பார்த்துப் பார்த்து ஒரு கணக்குக்கு வந்திருந்தோம், மெதுவாக நடந்தால் தாங்கும். சுண்டுவிரல் வழக்கம்போல வெறுமனே இருந்தது. பூங்கொத்துக்கு அடியில் மடக்கிக்கொண்டால் தெரியாது என்று அதற்கும் அவள் பழகி வைத்திருந்தாள். ஆனாலும் விடுவாளா? பட்டுப்புடவையில் அம்மா வந்து நின்றதும், சும்மா வம்புக்கு, "இன்னைக்கு மட்டும்மா, ப்ளீஸ்" என்றாள்.

"அதுக்கும் போட்டு விடுடி" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். "பத்தும் ஒண்ணா இருக்கட்டும்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "நீ பார்க்க வேணாமா?"

"பரவால்லம்மா. நல்லாப் போட்டுக்கோ." அம்மா அதற்குமேல் நிற்கவில்லை. சேஃப்டி பின் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

நான் முட்டாள், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சந்தன நிற பாட்டிலைத் திறந்துகொண்டு அவள் கையை இழுத்தேன். அவள் கையைக் கொடுக்கவில்லை. சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐஸ் போட்டு ஜூஸ் குடுத்தாங்கல்ல" என்றாள் மெதுவாக. "டாக்டர் என்ன சொன்னாருன்னு இப்பத்தான்டி எனக்குப் புரியுது."

"லூசு மாதிரி பேசாத. நல்ல நாளும் அதுவுமா." புரிய வேண்டியது எனக்கும் புரிந்துவிட்டது.

"பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு அம்மா விட்டுட்டாங்க." அவள் அழவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கெஞ்சியும் கிடைக்காத விரல் அன்றைக்கு வம்புக்குக் கேட்டதுமே கிடைத்துவிட்டது, அவளுக்கு அது வேண்டாமாகிவிட்டது. "மூடு பாட்டிலை" என்றாள்.

எழுந்து உள்ளே போனாள். அம்மா பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, சுண்டுவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, "பார்க்காம எங்கம்மா போற? பாரு" என்றாள். குரலில் அப்படி ஒரு கோபம். அம்மா பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது, நன்றாக இல்லை.

கோயிலில் அவள் மெதுவாக நடந்தாள். மற்ற இரண்டு தோழிகளான மாப்பிள்ளையின் தங்கையும் மணப்பெண்ணின் கல்லூரித் தோழியும் இவளுக்காக அடி குறைத்து நடந்தார்கள். ஒன்பது விரலும் ரோஜா, சாம்பல் படியவே இல்லை. பெரியம்மா முதல் வரிசையிலிருந்து அந்தக் கையைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன். ஆராதனை முடிந்து படியில் போட்டோ எடுக்கும்போதுதான் வீடியோக்காரர் லைட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "சிஸ்டர், ரோஸ் புடவை, அந்தச் சுண்டு வெரல இன்னாத்துக்கு மடக்கிகினு கீறீங்க? நீட்டிப் புடிங்க." பெரியம்மாவின் முகம் வெளுத்தது. மடக்கியே வைத்திருக்கலாம், யாரும் வந்து பிரித்துவிடப் போவதில்லை. அக்கா நீட்டினாள். பூங்கொத்தின்மேல், அத்தனை லைட் வெளிச்சத்தில், ஒற்றை நீலம்.

மாப்பிள்ளையின் தங்கை குனிந்து பார்த்து, "இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் வேற கலர்? பொருத்தனையா?" என்று கேட்டாள். கர்த்தரிடம் செய்துகொண்ட நேர்த்தி என்று நினைத்துவிட்டது அந்தப் பெண்.

"அந்த மாதிரிதான்" என்றாள் அக்கா. "இது எங்கம்மாவோடது."

அந்தப் பெண்ணும் நல்ல மாதிரியாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசவும் இல்லை. இதற்குத்தானா அவ்வளவு நடை நடந்தாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பந்தியில் பிரியாணியைப் பிசைந்துகொண்டே இருந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா கூப்பிட வேண்டியிருக்கவில்லை. காலையில் அக்காவே சமையலறை வாசலுக்கு வந்து விரலை நீட்டுவாள். அம்மா பார்ப்பாள், "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பொய் என்று அவளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். நகம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. துணி துவைக்கக் கூடாது, இறங்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் அம்மா போடவில்லை. போடாதது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வராமல் நின்றன. நான் கல்லூரியிலிருந்து வந்ததும் பாலிஷ் பாட்டில்களை எடுத்துக் கட்டிலில் பரப்பி, "இன்னைக்கு எந்தக் கலர்?" என்று கேட்பேன். "எதாவது போடு" என்பாள். எது எதை மூடும் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. ஜெபக்கூட்டத்துக்காரர்கள் வந்து, கர்த்தர் அதிசயம் செய்வார் என்று கையை நெற்றியில் வைத்து ஜெபித்தார்கள். அவர்கள் போனதும் அக்கா, "அதிசயம் பண்றதுன்னா இதயத்துல ஆரம்பிக்கட்டும், நகத்தை நம்ம பார்த்துக்கலாம்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பண்ணின கேலி என்று நினைவு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், ஒரு விடிகாலை, அம்மா சமையலறை வாசலில் காத்திருந்தாள், அக்கா எழுந்து வரவில்லை.

கல்யாணத்துக்கு உடுத்திய அந்த ரோஸ் புடவையையே உடுத்திவிட்டார்கள். வெளியே மழை, கூடத்தில் நிற்க இடமில்லாமல் கூட்டம். பெரியம்மா பெண் வந்து என் கையில் இரண்டு பாட்டிலையும் வைத்து, "நீதான் போடணும், உனக்குத்தான் தெரியும்" என்றாள். அக்காவைக் கிடத்திய பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சந்தன நிறம் முதலில், காயவிட்டு, பிறகு பேர்ல். அடக்கம் நாலு மணிக்கு, சீக்கிரம் ஆகட்டும் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். என்னால் சீக்கிரம் போட முடியாது, அடிக்கோட்டு காயாமல் மேலே போட்டால் குமிழ் வரும். விரல்கள் சில்லென்று இருந்தன. நீலம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் இங்க் பூசிக்கொண்டு போனேனே, அதைப் போல ஒரே நிறமாக நின்றது. அன்றைக்குத்தான் பாலிஷ் எந்தக் கணக்கும் பார்க்காமல் ஒழுங்காக மூடியது.

ஒன்பது முடிந்தது. இடது கைச் சுண்டுவிரலுக்கும் போட்டுவிடலாம், இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று பிரஷை எடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். என் கையைத் தள்ளினாள்.

"அதை விடு. அது என்னோடது."

விரலைப் பிடித்து, ஜன்னல் பக்கத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தினமும் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். கூடத்தில் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிட்டது, எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நான் பாட்டிலை மூடினேன்.